உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கிணறு

கிணற்றுச் சுவர் ஒழுங்காக இருக்கிறதா என்று இப்போது செல்போனில் படம் பிடித்து அனுப்பினால் போதுமாம். யூனியன் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண், போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது சொன்னாள். எந்த இடம், எந்த நேரம் என்பதெல்லாம் படத்திலேயே விழுந்துவிடுமாம். "உங்க காலத்துல எப்படிம்மா பாப்பீங்க?" என்று கேட்டாள். "முதுகக் குடுத்துச் சாய்ஞ்சு பாப்போம்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். விளையாட்டு இல்லை என்று சொல்ல வாய்ப்பில்லாமல் போனதால் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியிலிருந்து பல வருஷம் சங்கரன்கோவிலைச் சுற்றித்தான் என் வேலை. யூனியனில் கிராம சேவிகாவாகச் சேர்ந்து, சேவிகாக்களை மேற்பார்க்கும் முக்கிய சேவிகா ஆனவள் நான். பயிற்சியில் சத்துமாவு உருண்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், பாலர் வகுப்புப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள், மாதர் சங்கக் கூட்டத்தில் சண்டை வந்தால் எப்படி விலக்குவது என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார்கள். கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் என் உத்தியோகத்தில் பாதி நாள் கிணற்றோரம்தான் கழிந்தது.

எங்கள் பக்கத்துக் காட்டுக் கிணறுகள் அப்போது தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். சோளம் வளர்ந்துவிட்டால் கிணறு இருப்பதே தெரியாது. ஆடு விழும், விறகுக்குப் போன பிள்ளை விழும், குடித்துவிட்டுக் குறுக்கு வழியில் வந்தவன் விழுவான். இப்படிப்பட்ட கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட அரசாங்கம் உதவி கொடுத்தது. சுவர் நிற்கிறதா, நின்று ஆளைக் காப்பாற்றுமா என்று போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது எங்கள் வேலை. ஓவர்சியர் இருக்கும்போது இதற்கு எதற்கு சேவிகா என்று ஆபீசில் சிலர் முணுமுணுத்தார்கள். எங்கள் யூனியனுக்குப் பெரிய அதிகாரி, பி.டி.ஓ. சுப்பையா சார்தான் என்னைச் சேர்த்தார். "எந்தக் கெணத்துல யாரு விழுந்தாங்கன்னு ஆம்பளைங்ககிட்ட கேட்டா கால் தவறிட்டுன்னு ஒரே பாட்டுதான் பாடுவான். பொம்பளைங்ககிட்ட கேட்டா விழுந்தாளா, விழ வச்சாங்களான்னு சேத்துச் சொல்லுவாங்க. எஸ்தரம்மா வரட்டும்" என்றார்.

சுப்பையா சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லி ஆள். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. சுவரைப் பார்க்க வந்தால் முதலில் செருப்பைக் கழற்றுவார். இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தேய்த்துக்கொண்டே ஒரு சுற்று வருவார். எங்கேயாவது கை நின்றால் அங்கே திரும்பி, சுவருக்கு முதுகைக் கொடுத்து, காலைத் தள்ளி ஊன்றி, மொத்த உடம்பையும் சாய்த்துவிடுவார். சுவர் விட்டுக்கொடுத்தால் மனுஷன் நேரே கிணற்றுக்குள்தான். கட்டிய கொத்தனாருக்கு முகம் வெளிறிப் போகும். சார் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "இது நிக்கும்" என்பார். இல்லையென்றால் "இது நிக்காது வே" என்பார். அதற்குமேல் பேச்சுக் கிடையாது. கோடையில் கட்டிய சுவரை ஒரு மழை பெய்த பிறகுதான் பார்க்க வருவார். கரிசல் மண் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழை பெய்தால் ஊதும். மழையில் ஊதும்போது சுவரைத் தூக்கிச் சாய்த்துவிடும். நூல் பிடித்துப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது என்பது அவர் கட்சி.

அவர் கட்சிதான் சரி என்பதை நானே பார்த்தேன். ராயகிரி பக்கம் ஒரு காண்ட்ராக்டர், ரோட்டோரம் தூர்ந்துபோய்க் கிடந்த ஒரு குழியைச் சுற்றி அருமையாகச் சுவர் எழுப்பி வைத்திருந்தார். ஆபத்தான கிணறு காட்டுக்குள் அரை மைல் தள்ளி இருந்தது. ஜீப் போகாத இடத்துக்கு எவன் வந்து பார்க்கப் போகிறான் என்ற தைரியம். இன்னொரு ஊரில் சுவரின் உச்சியைத் தட்டையாக, மழமழவென்று பூசிவிட்டார்கள். அதன்மேல் ஏறி உட்கார்ந்து இளவட்டங்கள் சீட்டாடினார்கள். விழுவதற்கு முன்பைவிட வசதி செய்து கொடுத்தோம் என்று நான் சொன்னேன். சார் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எல்லாச் சுவருக்கும் உச்சியை வெளிப்பக்கம் சரிவாகப் பூச வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

இனி அந்தக் கிணறு. குருவிகுளம் தாண்டி, திருவேங்கடம் போகிற வழியில் இறங்கி, பருத்திக் காட்டுக்குள் நடந்து போக வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். கிணற்றுக்குச் சொந்தக்காரன் பெயர் வேலுச்சாமி என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய முதல் மனைவி மாடத்தி அந்தக் கிணற்றில்தான் செத்துப்போனாள். கால் தவறி விழுந்துவிட்டாள் என்று சொன்னார்கள். சாவு விழுந்த கிணறு என்பதால் எங்கள் பட்டியலில் முதலில் வந்தது. சுவரையும் மற்றவற்றைவிட உயரமாக, என் கழுத்தளவுக்குக் கட்டச் சொல்லியிருந்தோம். அதற்குள் வேலுச்சாமி பேச்சியம்மாளை இரண்டாந்தாரமாகக் கட்டிவிட்டான். சின்னப் பெண். ராயகிரிக்காரி.

கிணற்றின் உள்ளே கல் கட்டிடம். ஒரு பக்கத்தில் இறங்குவதற்குப் படிக்கல் பதித்திருந்தார்கள். பாதி ஆழத்தில், மோட்டார் வைப்பதற்கென்று ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு பொந்து குடைந்திருந்தார்கள். மின்சாரம் வருவதற்குள் சாவு வந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அங்கே தண்ணீர் எடுப்பதில்லை.

மழைக்குப் பிறகு நான் பார்க்கப் போனபோது சுவரில் ஓர் இடத்தில், ஓர் ஆள் நுழைகிற அகலத்துக்கு வாய் விழுந்திருந்தது. எங்களுக்கு எதற்கெடுத்தாலும் கரிசல்மேல் பழி போட்டுப் பழக்கம். அஸ்திவாரம் போதவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். ஆழமாகத் தோண்டி மறுபடி கட்டினார்கள். அடுத்த முறை சாரும் ஓவர்சியரும் வந்தார்கள். அதே இடத்தில், அதே அகலத்தில் திரும்பவும் வாய். அஸ்திவாரம் அப்படியே இருந்தது. விழுந்த கல்லெல்லாம் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக, வறட்டி அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. மண் ஊதினால் சுவர் விழும். விழுந்த கல்லை மண் அடுக்கி வைக்காது.

வேலுச்சாமி பருத்திச் செடிக்குள் தள்ளி நின்றான். கூப்பிட்டும் கிட்டே வரவில்லை.

"யாருய்யா பிரிச்சது?" என்று சார் கேட்டார்.

"நாங்க கெட்டுதோம் ஐயா, அவ பிரிச்சிப் போடுதா."

"எவ?"

கிணற்றைப் பார்த்தான். கையில் அணைந்துபோன பீடி இருந்தது. "உச்சிப்பொழுதுல உள்ள பேச்சுச் சத்தம் கேக்கும். வெளிய வந்து நடமாடுதா. கொத்தனாரு இனிம வர மாட்டேன்னுட்டாரு. அடைச்சா என்னைய எடுத்துருவா ஐயா. அப்படியே விட்டுருங்க."

சார் சுவரைச் சுற்றி வந்தார். வாய் விழுந்த இடத்துக்கு வந்ததும் நின்று, உள்ளே எட்டிப் பார்த்தார். பாழுங்கிணறு என்றால் பொந்தில் புறா இருக்கும். நாம் எட்டிப் பார்த்ததும் படபடவென்று பறக்கும். அங்கே ஒன்றுகூட இல்லை. "எஸ்தரம்மா, நீங்க தனியா ஒருதடவ வந்து பாருங்க" என்றார். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஓவர்சியர் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க மனமில்லாமல் சரி என்றேன்.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல், அன்றைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சரியாக உச்சிப்பொழுது ஆகிவிட்டது. தூரத்தில் களையெடுத்துவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்து, "ஏம்மா, இந்நேரத்துக்கு அங்கன போகாதீங்க" என்று சத்தம் போட்டார்கள். "நான் வேதக்காரி, ஒங்க பேயி என்னைய என்ன செய்யும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நடந்த பிறகுதான் பயம் பிடித்தது. ஆடிக்காற்று காட்டையே அலசிக்கொண்டிருந்தது. கிணற்றுப் பக்கம் போகப் போகச் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. சுவர் மறைத்ததால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாய் விழுந்த இடத்திலிருந்து வெளியே, உச்சி வெயிலில் காய்ந்த கல்லின்மேல், ஈரக் காலடி இருந்தது. பெண்ணின் காலடி. வீட்டைப் பார்த்துப் போயிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் பக்கமிருந்து காயத் தொடங்கியது.

வந்த வேலையைச் செய்வோம் என்று இந்தப் பக்கம் இடியாமல் இருந்த சுவரில் முதுகைச் சாய்த்தேன். கல் கொதித்தது. அப்போது எனக்குப் பின்னால், கீழேயிருந்து, ஒரு குரல் கேட்டது. "சரிக்கா" என்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. எதிராளி சொல்வதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி ஓர் இடைவெளி. மறுபடி, "சரிக்கா, போகமாட்டேன்." வளையல் சத்தம்.

ஓடலாம் என்று நினைத்தேன், உடம்பு கேட்கவில்லை. ஜெபம் ஒன்றுகூட முழுசாக ஞாபகத்துக்கு வரவில்லை. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது, "யூனியன் ஆபீசுலேர்ந்து வந்திருக்கேன்" என்பதுதான். பேயிடம்கூட ஆபீஸ் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

உள்ளே பேச்சு நின்றுவிட்டது. பிறகு, "அவரு கூட வந்திருக்காரா?" என்று கேட்டது.

"யாரு?"

"வீட்டுக்காரரு."

படிக்கல்லில் கால் வைத்து, கல்லைப் பிடித்து, பேச்சியம்மாள் மேலே வந்தாள். சேலை ஓரமெல்லாம் பொந்தின் ஊற்றுக் கசிவில் நனைந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடிப்போயிருந்தது. உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது.

வேலுச்சாமி அடிப்பான். சோற்றில் கல் இருந்தால் அடி, மாடு கத்தினால் அடி, மாடத்தி ஞாபகம் வந்தால் இன்னும் அடி. ஊருக்குள் எந்த வீட்டுக்குள் ஓடி ஒளிந்தாலும் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்துவிடுவான். அவன் கால் வைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான். அதைப் பேச்சி கண்டுபிடித்துவிட்டாள். பொந்தில் இருந்த புறாவை விரட்டிவிட்டு அதில் குடியேறினாள். சுவர் வந்ததும் படிக்கு வழி இல்லாமல் போனது. அதனால் இளகிய கல்லாகப் பார்த்துப் பிரித்து அடுக்கினாள். நான் பார்த்தது, அவள் சோறு எடுக்க வீட்டுக்குக் கிளம்பிய தடம்; ஆள் வருவதைக் கண்டு பாதியில் பருத்திக்குள் புகுந்து திரும்பி வந்து இறங்கிவிட்டாள்.

"மாடத்தியும் இங்கனதான் ஒளிவாளாம்" என்றாள். "அப்ப சுவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு நாளு அவரு வெளும்புல வந்து நின்னு கல்லத் தூக்கிப் போட்டாராம். களையெடுக்க வந்த அக்கா ஒருத்தி பாத்திருக்கா. யாருட்டயும் சொல்லாதன்னா. அதான் அவருக்கு இந்தப் பக்கம்னா பயம்."

"நீ யாருட்டட்டி பேசிட்டிருந்த?"

"மூத்தாகிட்டதான்" என்றாள், பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்வதுபோல. "நல்லவக்கா அவ. எடம் ஒதுக்கித் தந்திருக்கா." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சுவர அடச்சிராதீங்கக்கா. அடச்சிட்டா நான் செத்துருவேன்."

அவளை அங்கேயே விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. மறுநாளே ராயகிரி போய் அவள் அப்பாவைப் பார்த்தேன். கட்டிக் கொடுத்த பிள்ளையைத் திருப்பி அழைக்க முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு காவல் நிலையத்துக்கும் போனேன். பார்த்த சாட்சி முன்னால் வருவாளா என்று கேட்டார்கள். வரமாட்டாள் என்றேன். புருஷன் பெண்டாட்டி விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்கள். சங்கரன்கோவிலுக்கு வந்துவிடு, தையல் நிலையத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று பேச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். வயிற்றில் பிள்ளை இருக்கிறது, பிறக்கட்டும் என்றாள். அதற்குள் செத்துப்போனால் என்ன செய்வாய் என்று கத்தினேன். அவள் கிணற்றைக் காட்டினாள்.

எல்லாவற்றையும் சார் முன்னால் கொட்டினேன். சுவரை முழுசாக மூடினால்தான் திட்டப்படி சரி. மூடினால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. திறந்து விட்டால் விழுந்து சாக இன்னொருவருக்கு வழி. சார் ஓவர்சியரைக் கூப்பிட்டார்.

"அந்தக் கெணத்துக்கு ஒரு இரும்புக் கதவு போடணும். படிக்கு நேரா."

"கிணத்துக்குக் கதவா சார்?"

"தூர் வார ஆளு எறங்கணும்லா. தாழ்ப்பாள உள்பக்கம் வையும்."

"உள்பக்கமா?"

"உள்ள ஆளு நிக்கும்போது வெளியேருந்து எவனாவது தொறந்து தள்ளி விட்டுட்டா? அதுக்குத்தான். தாழ்ப்பாளக் கீழ வையும், கணுக்கால் உசரத்துல. சுவத்துக்கு மேல கைய விட்டா எட்டப்பிடாது. முதல் படிக்கல்ல அகலமாப் போடும், குனிஞ்சு நின்னு போட வசதியா இருக்கணும்."

ஓவர்சியர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். இரண்டு கொத்தனார்களை சாரே கூட்டிக்கொண்டு போய், வேலை முடிகிற வரை வெயிலில் நின்றார். வேலுச்சாமிக்குச் சந்தோஷம். மாடத்தி வந்து போக வாசல் வைத்துக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டான். அது போதுமான காரியமா என்று கேட்டால், போதாது. ஓர் உயிரைக் காப்பாற்ற எங்கள் கையில் இருந்தது அந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான்.

வடகிழக்கு மழை முடிந்ததும் பார்க்கப் போனேன். வழியிலேயே களையெடுக்கிற பெண்கள் செய்தி சொன்னார்கள். சில நாளைக்கு முன்னால், உச்சிப்பொழுதில், குடித்த வேகத்தில் வேலுச்சாமி பயத்தை மறந்து அரிவாளோடு அவளைத் துரத்திக்கொண்டு கிணறு வரை போய்விட்டானாம். கதவைத் தள்ளினானாம், உதைத்தானாம், திறக்கவில்லையாம். உள்ளே ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டதாம். அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தவன் காய்ச்சலில் விழுந்தான். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் அவள் இருக்கிற பக்கம் திரும்புவதில்லை, மாட்டுத் தொழுவத்தில்தான் படுக்கை. அவன் திருந்தினான் என்று நான் சொல்ல மாட்டேன். பயந்தான். கை வைப்பதை விட்டான்.

பேச்சி என்னோடு கிணற்றுக்கு வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. முகம் தெளிந்திருந்தது. கதவில் அவன் உதைத்த இடம் நெளிந்திருந்தது.

"நல்லவேள, தாப்பாளப் போட்டியே" என்றேன்.

"நான் எங்கக்கா போட்டேன்?" என்றாள். "அவரு என் பின்னாலயே வந்துட்டாரு. கதவச் சாத்தக்கூட நேரமில்ல. தொறந்து போட்டுட்டு எறங்கிட்டேன். பொந்துக்குள்ள வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். மூச்சுகூட விடல."

"அப்ப பேசினது?"

"நான் பேசல."

அவளை வெளியே நிறுத்திவிட்டு நான் உள்ளே போய், முதல் படிக்கல்லில் குனிந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தேன். காற்றில் தானாக விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொள்ளத்தான் பார்த்தேன். மழைத் துரு ஏறி இறுகிக் கிடந்தது. ஒரு கையால் அசையவில்லை. இரண்டு கையையும் கொடுத்து, பல்லைக் கடித்துத் தள்ளிய பிறகுதான் கிறீச்சென்று ஓடி விழுந்தது. கீழேயிருந்து குளிர்ந்த காற்று வந்து என் பிடரியில் பட்டது.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சி மெதுவாகச் சொன்னாள். "அவளுக்குத்தானக்கா தெரியும், கதவு இல்லன்னா என்ன ஆகும்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாடத்தியை நான் உயிரோடு பார்த்ததில்லை. எப்படி இருப்பாள் என்று கேட்டதும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தேன். ஏறுவதற்கு முன்னால் கீழே இருட்டைப் பார்த்து, "போயிட்டு வாரேன், மாடத்தி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.